மாத்திரைப் பெயரின் வால்

பத்து மாத்திரை உள்ள அட்டையில் ஐந்து போதும் என்பவர்களுக்கு அட்டையைக் குறுக்கே வெட்டித்தான் கொடுக்கிறோம். எவ்வளவு பார்த்து வெட்டினாலும் சில அட்டைகளில் பெயர் இரண்டாகிவிடும். முன்பாதி கடையில் தங்கும், பின்பாதி வீட்டுக்குப் போகும். மாத்திரை தீர்ந்ததும் அந்தத் துண்டைச் சுருக்குப்பையிலிருந்து எடுத்து நீட்டி, "இதே மாத்திரை குடும்மா" என்பார்கள். துண்டில் 'மிசார்டான் 40' என்று மட்டும் நிற்கும். சீட்டு இல்லாமல் அந்த அரைப்பெயரை நம்பி எதையும் எடுத்துக் கொடுக்க மாட்டேன். ஆனாலும் 'சார்டான்' என்ற வாலைப் பார்த்ததுமே வந்தவர் பிரஷருக்காக வந்திருக்கிறார் என்று தெரிந்துவிடும். 'கிளிப்டின்' என்று நின்றால் சுகர். 'ப்ரசோல்' என்று நின்றால் நெஞ்செரிச்சல், பெரும்பாலும்.

அந்தப் 'பெரும்பாலும்' ஏன் என்று சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன்.

பட்டுக்கோட்டையில் மருந்துக்கடை வைத்திருப்பவள் நான். எங்கள் பக்கத்தில் ஓர் ஊரின் பெயர் பட்டினம் என்று முடிந்தால் கடல் பக்கம் என்று சின்னப் பிள்ளையும் சொல்லும். அதிராம்பட்டினம், மல்லிப்பட்டினம், ஜெகதாப்பட்டினம், அப்படியே வடக்கே போனால் நாகப்பட்டினம். ஆனால் கிருஷ்ணகிரிப் பக்கம் ஒரு காவேரிப்பட்டினம் இருக்கிறது. தென்பெண்ணைக் கரையில், கடலுக்கு வெகுதூரத்தில். மருந்துப் பெயர்களின் கடைசி அசைகளும் இதே மாதிரிதான். வழி சொல்லும். சில இடங்களில் காவேரிப்பட்டினத்தில் கடலைத் தேட வைத்துவிடும்.

இந்த வால்கள் தானாக முளைத்தவை அல்ல. ஒரே மருந்துக்கு ஒவ்வொரு நாட்டிலும் ஒவ்வொரு பெயர் இருந்த காலத்தில், 1950இல் உலக சுகாதார நிறுவனத்தின் கூட்டத்தில் ஒரு தீர்மானம் போட்டார்கள்: எந்தக் கம்பெனிக்கும் சொந்தமில்லாத ஒரு பொதுப்பெயர் ஒவ்வொரு மருந்துக்கும் வேண்டும். முதல் பட்டியல் 1953இல் வந்தது. அந்தப் பெயரைத்தான் நாம் ஜெனரிக் பெயர் என்கிறோம். ஒரே வகையில் வேலை செய்யும் மருந்துகளுக்கு ஒரே துண்டைப் பெயரில் சேர்ப்பது அங்கே வழக்கம். பெரும்பாலும் அந்தத் துண்டு கடைசியில் வரும். அவர்கள் அதைத் தண்டு என்பார்கள். கடையில் நாங்கள் பார்ப்பது வெட்டுப்பட்ட பெயர்களை என்பதால் எனக்கு அது வால்தான்.

எழுத்துக்கும் விதி உண்டு. எல்லா நாட்டவரும் சொல்லவும் எழுதவும் வர வேண்டும் என்று, 'பிஎச்' என்று இரண்டு எழுத்து வரும் இடத்தில் ஒரே 'எஃப்' போடச் சொல்கிறார்கள், 'டிஎச்' இடத்தில் 'டி', 'ஒய்' இடத்தில் 'ஐ'. நல்ல எண்ணம்தான். 'எஃப்' ஒலிக்கு ஆய்த எழுத்தைத் துணைக்கு அழைக்க வேண்டியிருக்கும் நம்மை அந்தக் கூட்டத்தில் யாரும் நினைத்திருக்க மாட்டார்கள்.

ஒழுங்காக நடந்துகொள்ளும் வாலை முதலில் சொல்லிவிடுகிறேன். எனாலப்ரில், ராமிப்ரில், லிசினோப்ரில் எல்லாம் 'ப்ரில்' குடும்பம், பிரஷருக்கு. மூத்தவர் கேப்டோப்ரில். பிரேசில் நாட்டின் ஒரு விரியன் பாம்பின் விஷம் ரத்த அழுத்தத்தை இறக்குவதை அந்நாட்டின் செர்ஜியோ ஃபெரைரா ஆராய்ந்தார். அந்தத் தடத்தைப் பிடித்து அமெரிக்காவில் ஸ்குவிப் நிறுவனத்தின் குஷ்மனும் ஒன்டெட்டியும் மாத்திரை செய்தார்கள். 1981இல் அது விற்பனைக்கு அனுமதி பெற்றது. இந்தக் குடும்பத்துக்கு ஒரு குணம் உண்டு. சிலருக்கு வறட்டு இருமல் வரும். இந்த மருந்து தடுக்கிற நொதிதான் உடம்பில் பிராடிகைனின் என்ற பொருளையும் உடைத்துத் தள்ளுகிறது. நொதி நின்றதும் அது தேங்கி, தொண்டையைச் சீண்டும்.

இருமல் மருந்தாக வாங்கிக் குடித்தும் அடங்காத ஒரு பெரியவர் எங்கள் கடைக்கு வருவார். சளி இல்லை, காய்ச்சல் இல்லை, ராத்திரியில் இருமல். "வேற என்ன மாத்திரை சாப்பிடுறீங்கய்யா?" என்றால், "அது பிரஷருக்கும்மா, அதுக்கும் இதுக்கும் என்ன?" என்பார். அட்டையைக் கொண்டுவரச் சொல்லிப் பார்த்தேன். ப்ரில். டாக்டரிடம் இருமலைச் சொல்லுங்கள் என்று அனுப்பினேன். அவர் 'சார்டான்' குடும்பத்துக்கு மாற்றிக் கொடுத்தார். சார்டான் அந்த நொதியைத் தொடுவதில்லை, அடுத்த படியில் போய்த் தடுக்கிறது. இருமல் நின்றது. பெயரின் வாலைப் படிக்கத் தெரிந்தால் என்ன லாபம் என்று யாராவது கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

இனி வம்பு பிடித்த வால்கள்.

'ஓலால்' என்று முடிந்தால் இதயத் துடிப்பை நிதானப்படுத்தும் பீட்டா பிளாக்கர் என்பது பாடம். அட்டெனோலால், மெட்டோப்ரோலால், பிசோப்ரோலால். கண் அழுத்தத்துக்குச் சொட்டு விடும் டிமோலாலும் இந்த வீட்டுப் பிள்ளைதான். முன்னோடி புரோப்ரனோலால். அதை உருவாக்கிய ஸ்காட்லாந்துக்காரர் ஜேம்ஸ் பிளாக்குக்கு 1988இல் நோபல் பரிசு கிடைத்தது. அதே 1988இல், அந்தப் பரிசு அறிவிக்கப்படுவதற்குச் சில வாரங்கள் முன்பு, சியோல் ஒலிம்பிக்ஸில் நூறு மீட்டரை 9.79 நொடியில் ஓடிய பென் ஜான்சனின் தங்கப் பதக்கம் பறிபோனது. அவர் சிறுநீரில் அகப்பட்டது ஸ்டானோசோலால். காதுக்கு அதுவும் ஓலால். ஆனால் அது தசை வளர்க்கும் ஸ்டீராய்டு, இதயத்தை நிதானப்படுத்தும் குடும்பத்தில் அதற்கு இடமே இல்லை. உண்மையான ஓலால்களும் விளையாட்டில் தடைக்குத் தப்பவில்லை என்பது வேடிக்கை. கை நடுங்காமல் இருக்க உதவும் என்பதால் வில்வித்தை, துப்பாக்கி சுடுதல் போட்டிகளில் பீட்டா பிளாக்கருக்குத் தடை. 2008 பெய்ஜிங்கில் வட கொரியாவின் கிம் ஜாங் சூ துப்பாக்கிச் சுடுதலில் வாங்கிய பதக்கங்களைப் புரோப்ரனோலாலால்தான் இழந்தார்.

ஓலாலில் இன்னும் ஓர் எழுத்தைக் குறைத்து, வெறும் 'ஆல்' என்று பாருங்கள். வேதியியலில் அது ஆல்கஹால் வகைக்கான குறி மட்டும்தான். மென்தால், கிளிசரால், கொலஸ்ட்ரால் எல்லாவற்றிலும் இருக்கும், எதிலும் சாராயம் இல்லை. சளிப்பிடித்த நெஞ்சைத் திறக்கும் சால்பியூட்டமாலிலும் அதே ஆல். மூச்சுக்குழாயை சால்பியூட்டமால் விரிக்கும், புரோப்ரனோலால் சுருக்கிவிடக்கூடும். ஒற்றைத் தலைவலிக்குப் புரோப்ரனோலால் எழுதிய சீட்டோடு வருபவர் போகிறபோக்கில் இன்ஹேலரும் கேட்டால் நான் கையை நிறுத்திவிடுவேன். "ஆஸ்துமா இருக்குன்னு டாக்டர்கிட்ட சொன்னீங்களா?" என்று கேட்டு, கிளினிக்குக்குப் போன் போட்டுவிட்டுத்தான் அடுத்த வேலை.

எல்லாவற்றுக்கும் மேலே 'அசோல்'. எங்கள் அலமாரியில் இந்த வாலைக் கொண்ட மருந்துகளை எடுத்துக் கீழே வைத்தால் தலை முதல் கால் வரை வைத்தியம் பார்த்துவிடலாம். ஒமெப்ரசோல், பான்டோப்ரசோல், ரபெப்ரசோல்: வயிற்றில் அமிலம் சுரப்பதைக் குறைக்க. ஃப்ளூகோனசோல், கீட்டோகோனசோல்: படர்தாமரைக்கும் பூஞ்சைக்கும். மெட்ரோனிடசோல்: சீதபேதிக்கு. கார்பிமசோல்: தைராய்டு அதிகமாகச் சுரந்தால். லெட்ரோசோல், அனாஸ்ட்ரோசோல்: மார்பகப் புற்றுநோய் சிகிச்சையில் ஈஸ்ட்ரோஜன் உருவாவதைத் தடுக்க. அல்பெண்டசோல் உங்கள் பிள்ளைகளுக்கே தெரியும். 2015 முதல் குடற்புழு நீக்க நாள் என்று பள்ளியிலும் அங்கன்வாடியிலும் சப்பிச் சாப்பிடச் சொல்லிக் கொடுக்கிறார்களே, அதுதான்.

ஏன் இத்தனை வேலைக்கு ஒரே வால்? அசோல் என்பது மருந்தின் வேலையைச் சொல்லவில்லை, உருவத்தைச் சொல்கிறது. ஐந்து அணுக்கள் கைகோத்த ஒரு வளையம், அதில் நைட்ரஜன் இருக்க வேண்டும், அவ்வளவுதான். நைட்ரஜனுக்குப் பிரெஞ்சு வேதியியலாளர் லவாய்சியே காலத்தில் வைத்த பெயர் ஏசோட். கிரேக்க மொழியில் உயிரற்றது என்று பொருள், அந்தக் காற்றில் எலியும் பிழைக்காது, விளக்கும் எரியாது என்பதால். உயிரற்றது என்று பெயர் வைத்த சமாச்சாரம் இத்தனை உயிரைக் காக்கும் மருந்துகளுக்குள் உட்கார்ந்திருக்கிறது.

ஆகவே அசோல் என்ற கடைசித் துண்டோடு நின்றால் ஒன்றும் புரியாது. இன்னும் ஓர் அசை பின்னால் போக வேண்டும். ப்ரசோல் என்றால் வயிறு, கோனசோல் என்றால் பூஞ்சை, நிடசோல் என்றால் அமீபா போன்ற கிருமிகள், பெண்டசோல் என்றால் புழு, ரோசோல் என்றால் ஈஸ்ட்ரோஜன். இப்படிப் பார்த்தால் எல்லாம் வரிசைக்கு வந்துவிடுகிறது.

வந்துவிட்டது என்று நிம்மதியாக உட்காரும்போது அரிபிப்ரசோல் வரும். ப்ரசோல் என்றுதான் முடிகிறது. ஆனால் வயிற்றுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஸ்கிசோஃப்ரீனியா போன்ற மனநோய்களுக்கு மூளையில் வேலை செய்யும் மருந்து. இதில் இன்னொரு கூத்து, அதற்குள் அந்த ஐந்தணு வளையமே கிடையாது. வேறொரு வளையத்தின் பெயரிலிருந்து வந்தது அதன் 'பிப்ரசோல்'. ரபெப்ரசோலையும் அரிபிப்ரசோலையும் வாயால் சொல்லிப் பாருங்கள். போனில் "அந்த ப்ரசோல் மாத்திரை ஒரு அட்டை அனுப்பிவிடுங்க" என்று கேட்பவர்களுக்கு நான் ஏன் பத்துக் கேள்வி கேட்கிறேன் என்று புரியும். எங்கள் கடையில் இரண்டும் வேறுவேறு தட்டில், வேறுவேறு சுவரில் இருக்கின்றன.

'ஸ்டாட்டின்' கதை எனக்கு மிகவும் பிடித்தது. அடோர்வாஸ்டாட்டின், ரோசுவாஸ்டாட்டின் என்று இதய நோயாளிகள் சாப்பிடும் கொலஸ்ட்ரால் மாத்திரைகளை ஊரே அறியும். 1973இல் ஜப்பானில் அகிரா எண்டோ, கியோட்டோவின் தானியக் கடை அரிசியிலிருந்து பிரித்த ஒரு பச்சைநீலப் பூஞ்சையில்தான் இந்த வகையின் முதல் பொருளைக் கண்டார். கல்லீரல் கொலஸ்ட்ரால் செய்யும் வேலையை அது நிறுத்துகிறது. ஸ்டாட் என்றால் கிரேக்கத்தில் நிற்பது, நிறுத்துவது. கவுட் வலிக்குக் கொடுக்கும் ஃபெபுக்ஸோஸ்டாட்டிலும் அந்த ஸ்டாட் உண்டு, அதுவும் ஒரு நொதியை நிறுத்துகிறது. இதுவரை சரி.

நிஸ்டாட்டின் என்று ஒரு மருந்து இருக்கிறது. குழந்தைகளின் நாக்கில் வெள்ளை படிந்தால் விடும் சொட்டு. கொலஸ்ட்ராலோடு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. அந்தப் பெயரில் ஸ்டாட் என்பது நிறுத்துவதே அல்ல, நியூயார்க் ஸ்டேட். அந்த மாநில சுகாதாரத் துறையில் வேலை பார்த்த எலிசபெத் ஹேசன், ரேச்சல் பிரவுன் என்ற இரண்டு பெண்கள் கண்டுபிடித்து 1950இல் அறிவித்தார்கள். ஹேசன் நியூயார்க் நகரத்தில், பிரவுன் ஆல்பனியில். ஒருவர் மண்ணிலிருந்து கிருமியை வளர்த்துக் கண்ணாடிக் குப்பியில் தபாலில் அனுப்புவார், மற்றவர் அதிலிருந்து மருந்துப் பொருளைப் பிரித்துத் திருப்பி அனுப்புவார். வென்றது வர்ஜீனியாவில் ஒரு பால்பண்ணை மண். காப்புரிமையில் வந்த ஒரு கோடியே முப்பது லட்சம் டாலருக்கும் மேலான தொகையை இருவரும் தங்களுக்கென்று எடுத்துக்கொள்ளாமல் ஆராய்ச்சிக்கே விட்டுக்கொடுத்தார்கள். சம்பளம் வாங்கிய மாநிலத்தின் பெயரை மட்டும் மருந்தில் வைத்தார்கள். இப்போது எங்கள் ஊரில் நிஸ்டாட்டின் அவ்வளவாகப் போவதில்லை, அந்த இடத்தைக் கிளோட்ரிமசோல் பிடித்துக்கொண்டது. பாருங்கள், மறுபடி அசோல்.

பின்னால் வந்த கொலஸ்ட்ரால் மருந்துகளுக்கு 'வாஸ்டாட்டின்' என்று ஓர் அசை கூட்டி எல்லை கட்டியதால் குழப்பம் குறைந்தது.

'மைசின்' பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். அசித்ரோமைசின், எரித்ரோமைசின் என்று கேட்டுக் கேட்டு அது ஆன்டிபயாடிக்கின் முத்திரை என்று ஆகிவிட்டது. உண்மையில் அது ஸ்ட்ரெப்டோமைசிஸ் என்ற மண் நுண்ணுயிரிலிருந்து வந்தது என்ற பிறப்புச் சான்றிதழ் மட்டுமே. காசநோய்க்கு ஊசியாகப் போட்ட ஸ்ட்ரெப்டோமைசினும் அங்கிருந்துதான், புற்றுநோய்க்குக் கொடுக்கும் பிளியோமைசினும் அங்கிருந்துதான். ஜென்டாமைசினை ஆங்கிலத்தில் எழுதும்போது மட்டும் 'ஒய்' வராது, 'ஐ' வரும், அது மைக்ரோமோனோஸ்போரா என்ற வேறு நுண்ணுயிரின் பிள்ளை என்பதால். தமிழில் எழுதினால் இந்த வித்தியாசம் போயேபோய்விடும்.

பல் பிடுங்கும்போது ஈறில் போடும் ஊசி லிக்னோகெயின். சிசேரியனுக்கு முதுகில் போடுவது பியூபிவக்கெயின். இந்தக் 'கெயின்' ஒரு தப்பான வெட்டில் பிறந்தது. கோகா இலையில் கிடைத்த பொருளுக்குக் கோகா என்ற பெயரோடு 'இன்' சேர்த்துக் கோகெயின் என்று வைத்தார்கள். 1884இல் வியன்னாவில் கார்ல் கோலர் அதைக் கண்ணில் விட்டு மரத்துப்போக வைத்து அறுவை செய்யலாம் என்று காட்டினார். போதைக்கு அடிமையாக்காத மாற்று வேண்டுமென்று தேடி, 1905 வாக்கில் வேதியியலாளர் ஐன்ஹார்னின் புரோக்கெயின் புழக்கத்துக்கு வந்தது. அப்போது சொல்லை வெட்டிய இடம் 'இன்' அல்ல, 'கெயின்'. கோகா செடியின் பெயரில் பாதி அறுந்து வாலோடு ஒட்டிக்கொண்டது. இன்றைய லிக்னோகெயினுக்கும் கோகா செடிக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. மரத்துப்போகும் என்பது மட்டும் மிஞ்சியது. மருந்துக்கடைக்காரி கத்தரியால் வெட்டியது போலவே இருக்கிறது என்று நான் சிரித்துக்கொள்வேன்.

'பின்' என்று முடிபவை இன்னொரு கலவரம். அம்லோடிபின் பிரஷருக்கு, கார்பமசெபின் வலிப்புக்கு, ஓலன்சபின் மனநோய்க்கு, நெவிரபின் எச்.ஐ.வி.க்கு. அதற்குள் நுழைந்தால் பக்கம் போதாது.

ஆபத்து ஜெனரிக் பெயர்களோடு நிற்பதில்லை. மருந்துக் கம்பெனிகள் பிராண்டுப் பெயரில் இந்தப் பொது வால்களை ஒட்டக் கூடாது என்று 1993இல் உலக சுகாதார நிறுவனம் கேட்டுக்கொண்டது. எங்கள் அலமாரியில் அந்த வேண்டுகோள் காதில் விழாத பெயர்கள் ஏராளம். தலைப்பகுதி ஒன்றாக இருந்தாலும் இதே தொல்லைதான். ஃபால்சிபாரம் மலேரியாவுக்கான ஃபால்சிகோ, ஃபால்சிடேப் என்ற இரண்டு பிராண்டுகளின் வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. பெயர்க் குழப்பம் மற்ற சரக்கில் வந்தால் பணம் போகும், மருந்தில் வந்தால் உயிர் போகலாம், அதனால் மருந்துப் பெயர்களை இன்னும் கண்டிப்பாகப் பார்க்க வேண்டும் என்ற கருத்தை 2001 தீர்ப்பில் நீதிமன்றம் வலியுறுத்தியது. அதே 2001இல் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு வேறொரு வழி கண்டது. பிரஷருக்கான ஹைட்ரலசின், அரிப்புக்கான ஹைட்ராக்சிசின் போன்ற இரட்டைகளில் வேறுபடும் எழுத்துகளை மட்டும் பெரிய எழுத்தில் அச்சிடச் சொன்னது. பெரிய எழுத்தே இல்லாத நம் மொழியில் நான் சிவப்புப் பேனாவால் கோடு போட்டுக்கொள்கிறேன்.

நம் நாட்டில் 2018 முதல் அட்டையில் ஜெனரிக் பெயர் பிராண்டுப் பெயரைவிட இரண்டு அளவாவது பெரிதாக இருக்க வேண்டும் என்று விதி. மூன்றோ அதற்கு மேலோ சரக்கு கலந்த கூட்டு மாத்திரைகளைப் போலச் சிலவற்றுக்கு விலக்கு உண்டு. மக்கள் மருந்தகம் வந்து, 2025 பிப்ரவரியில் முதல்வர் மருந்தகங்களும் திறந்த பிறகு, பொதுப்பெயர் மட்டும் உள்ள அட்டைகள் நிறைய வீடுகளுக்குப் போகின்றன. அங்கே வாங்கியதை எடுத்துக்கொண்டு எங்கள் கடைக்கு வந்து, "அக்கா, பேரு மாறியிருக்கு, இதைச் சாப்பிடலாமா?" என்று கேட்பவர்கள் உண்டு. என் வியாபாரத்துக்கு நல்லதல்லதான். என்றாலும் பழைய அட்டையையும் புதியதையும் பக்கத்தில் வைத்து, அதில் இருக்கும் முழுப் பெயரையும் மி.கி. அளவையும் விரல் வைத்துக் காட்டுவேன். டெல்மிசார்டான் 40, இங்கேயும் டெல்மிசார்டான் 40. "அப்ப இது ஒண்ணுதானா? விலை மட்டும் ஏன் இப்படி?" என்று அடுத்த கேள்வி வரும். அதற்குப் பதில் சொல்ல இன்னொரு கட்டுரை வேண்டும்.

வால்கள் தீர்ந்துபோவதும் உண்டு. புற்றுநோய்க்கும் மூட்டுவாதத்துக்கும் வரும் ஆன்டிபாடி ஊசிகள் எல்லாம் 'மாப்' என்று முடியும். டிராஸ்டுசுமாப், ரிடுக்ஸிமாப், அடாலிமுமாப். மாப்புக்கு முன்னால் உள்ள அசையைப் பார்த்து, அது எலியிலிருந்து எடுத்ததா, மனிதருடையதைப் போல மாற்றியதா என்றுகூடச் சொல்லிவிடலாம். 2017இல் அந்த அசையைப் புதிய மருந்துகளுக்கு நிறுத்தினார்கள். அப்படியும் மாப்கள் பெருகி, ஒன்றின் பெயர் இன்னொன்றோடு இடித்துக்கொள்ளவே, 2021இல் அந்தக் குடும்பத்தை நான்காகப் பிரித்துவிட்டார்கள். இனிப் பிறப்பவை டக், பார்ட், மிக், மென்ட் என்றுதான் முடியும். பழைய மாப்கள் அப்படியே இருக்கும். எங்கள் கடையில் கல்லூரி முடித்துச் சேர்ந்திருக்கும் பெண் நான்கையும் ஒரு தாளில் எழுதி, ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டி வைத்திருக்கிறாள். உள்ளே இருப்பது இன்சுலினும் டிடி ஊசியும் மட்டும்தான்.